ஊதா மூடிக் குழாய்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷமாக வேலை பார்ப்பவள் அண்ணி. அவளுடைய நாத்தனார் போன வருஷம் வந்து சேர்ந்தவள். ஆனால் பெரிய டாக்டருக்கு எதற்கெடுத்தாலும் நாத்தனார்தான் வேண்டும். வீட்டிலாவது நிம்மதி உண்டா? சாப்பிட உட்கார்ந்ததும் கணவன், "என் தங்கச்சி ஊசி குத்தினா வலியே தெரியாதாம்" என்று ஆரம்பித்துவிடுவான். அண்ணிக்கு வயிறு எரியும்.

அன்று காலை கூட்டம் நெரிந்தது. வார்டில் படுத்திருந்த பஸ் டிரைவரிடம் எடுத்த ரத்தம், கால்சியம், பொட்டாசியம் அளப்பதற்கான சிவப்பு மூடிக் குழாயில் போதவில்லை. மறுபடி போய்க் குத்தச் சோம்பல்பட்ட நாத்தனார், ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டாள்.

அண்ணி பார்த்துவிட்டாள். ஊதா மூடிக் குழாயில் ஒரு மருந்து தடவியிருக்கும். ரத்தத்திலுள்ள கால்சியத்தை அது நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோலப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் சிக்கிக்கொண்டால் ரத்தம் உறையாது. அணுக்களை எண்ண அது வசதி. கடினநீரை வழிக்குக் கொண்டுவரத் துணி துவைக்கும் தூளிலும் இந்த வகையறாவைச் சேர்ப்பதுண்டு. ஆனால் அந்த ரத்தத்தில் போய்க் கால்சியத்தை அளந்தால் அதலபாதாளத்தில் காட்டும். மருந்தோடு வரும் பொட்டாசியமோ எகிறி நிற்கும்.

'மாட்டட்டும். இவள் லட்சணத்தைப் பெரிய டாக்டர் இன்றைக்காவது பார்க்கட்டும்' என்று அண்ணி வாயை மூடிக்கொண்டாள். ரிசல்ட் வார்டுக்குப் போனது. அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

சற்று நேரத்தில் ரிசல்ட் காகிதம் வாங்க டிரைவரின் மனைவி ஜன்னலருகே வந்தாள். "பொட்டாசியம் ஏறிடுச்சாம்மா. இறக்க ஊசி போடப்போறாங்களாம். நேத்து நல்லாத்தானே பேசினாரு. பொழைச்சுக்குவாரா?"

ஏறாத பொட்டாசியத்தை இறக்கினால் இதயமே நின்றுவிடலாம். அண்ணி பாய்ந்துபோய் வார்டுக்குப் போன் போட்டாள். "ஊசி போடாதீங்க. அந்த ரிசல்ட் தப்பு. வேற ரத்தம் எடுக்கறோம்."

நல்லவேளை, இன்னும் போடவில்லை. புது ரத்தத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. பெரிய டாக்டர் நேரில் வந்து, யார் செய்த வேலை என்று கேட்டார்.

"நான்தான் ஊத்தினேன் சார்" என்று நாத்தனார் அழுதாள்.

"அதை நான் பார்த்தேன் சார்," என்றாள் அண்ணி. "இவ மாட்டட்டும்னு சும்மா இருந்தேன்."

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "என்மேல கோபம்னா என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே அண்ணி. நடுவுல அந்த மனுஷன் என்ன பண்ணாரு?"

அண்ணி தலைகுனிந்தாள்.

"ஒண்ணும் பண்ணல. நாம படற பொறாமை, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் உயிர்ல போய் முடியும்னு எனக்கு இன்னைக்குத்தான் உறைச்சுது."