சாட்சி சொன்ன மாணவி

மார்லா வோய்சிக் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலை மூடப்பட்டபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் ஏரிக்கரையில் இருந்த ஈரி நகரத்தை விட்டே கிளம்பிவிட்டார்கள். அவள் கிளம்பவில்லை. பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பறை வேலை, மாலையில் சட்டக் கல்வியில் இளங்கலை வகுப்பு என்று ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வக்கீலாகும் படிப்பு இல்லை அது. பாராலீகல், அதாவது வக்கீலுக்குத் துணையாக இருந்து வழக்கைத் தயார் செய்கிறவள் ஆவதற்கான படிப்பு.

"இவ்வளவு படிக்கிறதுக்கு பேசாம வக்கீலாவே ஆயிட்டுப் போ" என்று தங்கை டீனா சீண்டுவாள்.

"உன்கிட்ட வாதாடியே எனக்குத் தொண்டை போயிடுச்சு. கோர்ட்ல வேற வாதாடணுமா?"

கடைசிப் பருவத்தில், ஒரு வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி எடுத்து முடித்தால் மே மாதம் பட்டம். ஹட்சின்ஸ் என்ற வக்கீல் அவளைச் சேர்த்துக்கொண்டார். முசுடு; ஆனால் வேலை கற்றுத்தருவார். பனி கரையத் தொடங்கியிருந்த ஒரு காலையில் மேசைக்கு எதிரே அவளை உட்காரவைத்து, புதிய வழக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே போனார்.

"வீட்டுச் சொந்தக்காரருக்காக நாம நடத்துற, வீட்டைக் காலி பண்ண வைக்கிற வழக்கு. வாடகைக்கு இருக்கிறவங்க ஒப்பந்தத்தை மீறி ரெண்டு நாய் வளர்க்கிறாங்க. பேரு டீனா ரஸ்க்."

குறிப்பெழுதிக்கொண்டிருந்த மார்லா பேனாவைக் கீழே வைத்தாள். ரஸ்க் என்பது தங்கையின் புருஷன் வீட்டுப் பெயர். சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னும் சில வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் பட்டம் கையில்.

"சார், நிறுத்துங்க. இதுக்கு மேல எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. அது என் தங்கச்சி."

ஹட்சின்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. இந்த வழக்குப் பக்கமே நீங்க வரவேண்டாம். மத்த வேலையைப் பாருங்க."

"அது மட்டுமில்ல சார். நாய்களை வெச்சுக்கச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் வாய்விட்டுச் சொன்னப்ப நானும் அங்க இருந்தேன்."

அவர் கோப்பை மூடி வைத்தார். "அப்ப நீங்க எதிர்த்தரப்பு சாட்சி. இங்க ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது. இங்க காதுல விழுந்தது வெளிய போகவும் கூடாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

பாதியில் நின்ற பயிற்சி கணக்கில் சேராது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் வேறிடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் வேலைக்குப் போனாள்.

சில நாளில் டீனா புயல் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தாள். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருந்தது. அதில் ஹட்சின்ஸின் பெயர்.

"உனக்கு முன்னாடியே தெரியும்! அதான் பயிற்சியை விட்டியா?"

மார்லா நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீனா உட்காரவில்லை.

"அவங்க என்ன திட்டம் போட்டிருக்காங்க? அதையாவது சொல்லு. ஒரே ஒரு வார்த்தை சொல்லுடி."

"அந்த ஆபீஸ்ல கேட்ட எதையும் சொல்லமாட்டேன்."

"நான் உன் கூடப் பிறந்தவ!"

"நீ என்ன கத்தினாலும் சொல்லமாட்டேன். ஆனா போன கோடையில உன் வீட்டுத் தோட்டத்துல கறி சுட்டோமே, அன்னைக்கு வீட்டுக்காரர் உன் நாயைத் தடவிக்கிட்டே 'இருந்துட்டுப் போகட்டும்'னாரே, அது நான் என் காதால கேட்டது. அதைக் கோர்ட்ல வந்து சொல்றேன். இப்ப நேரா சட்ட உதவி அலுவலகத்துக்குப் போ. அங்க இலவசமா வக்கீல் கிடைப்பாங்க."

டீனா கதவை அறைந்துவிட்டுப் போனாள். ஆனால் சட்ட உதவி அலுவலகத்துக்குத்தான் போனாள்.

விசாரணை அன்று மார்லா சாட்சிக் கூண்டில் ஏறி, கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். ஹட்சின்ஸ் எழுந்தார்.

"என் அலுவலகத்துல தெரிஞ்சுக்கிட்ட எதையாவது உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒரு வார்த்தைகூட சொல்லல சார்!" பின்னாலிருந்து டீனா வெடித்தாள். "தலைகீழா நின்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா, பாவி!"

அறை முழுக்கச் சிரித்தது. நீதிபதி டீனாவை அதட்டி உட்காரவைத்தார். ஹட்சின்ஸும் உதட்டோரம் சிரித்தபடி, வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரரை நீதிபதி நேரடியாகக் கேட்டபோது, அப்படிச் சொன்னது உண்மைதான் என்று அவர் முணுமுணுத்தார். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே ஏரிக்காற்று ஆளைத் தள்ளியது. டீனா பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"போகவேண்டாம். பசிக்குது, வா, மீன் வறுவல் சாப்பிடலாம்."

இலையுதிர் காலத்தில் மார்லா மறுபடி பயிற்சி தொடங்கினாள், இந்த முறை சட்ட உதவி அலுவலகத்தில். வகுப்பில் கூடப் படித்தவர்கள் அதற்குள் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அது உறுத்தியது, ஆனாலும் ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. டிசம்பரில் பட்டம் வாங்கினாள். ஜனவரியில் அங்கேயே வேலையும் கிடைத்தது.

முதல் நாள், கோட்டில் பனி ஒட்டியிருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"நீங்கதான் வக்கீலா?"

"இல்லம்மா, நான் பாராலீகல். வக்கீல் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தயார் பண்ணிடலாம். உட்காருங்க. முதல்ல என்ன நடந்துச்சு?"