ஒன்றரைச் செக்கன்

கப்பலிலிருந்து வரும் குரல் நேராக வருவதில்லை. கப்பலின் உச்சியில், வெள்ளைக் குமிழ் ஒன்றுக்குள் அன்டெனா இருக்கிறது. அது குரலை முப்பத்தாறாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்கு அனுப்பும். செய்மதி அதைத் தரைக்கு இறக்கும். பிறகுதான் இணையம் வழியாகக் கனகராயன்குளத்துக் குசினிக்கு வந்து சேரும். பதிலும் அதே வழியால் ஏறி இறங்க வேண்டும். ஆகவே, இடையிலுள்ள கருவிகளின் சுணக்கமும் சேர, சிவதர்சினி எதைக் கேட்டாலும் கணவன் அஜந்தனின் பதில் வர ஒன்றரைச் செக்கன் பிடிக்கும்.

இதையெல்லாம் அவளுக்கு விளக்கியவன் அவன்தான். கப்பலில் விற்கும் மலிவு அட்டையைச் சுரண்டி இலக்கத்தை அடித்தால் அரை மணித்தியாலம் கதைக்கலாம். முதல் மாதம் இருவரும் ஒரே நேரத்தில் கதைத்து, ஒரே நேரத்தில் நிறுத்தி, பாதி அட்டையை வீணாக்கினார்கள். பிறகு ஒரு வழக்கம் வந்தது. சொல்லி முடிந்ததும் "சரியோ" என்பார்கள். மற்றவர் அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். இடையில் வரும் மௌனம், பத்து மாதத்தில், அவன் முகத்தைப் போல அவளுக்குப் பழகிவிட்டது.

கடைசி மூன்று கிழமையும் குரல் இல்லை, எழுத்துச் செய்தி மட்டும். கப்பலில் ஆள் தேவை, சுஜிதனை அனுப்பு என்று. சுஜிதன் அவளுடைய தம்பி. கப்பலுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்சியின் வான் வண்டி இன்று நாலு மணிக்குப் புளியங்குளம் சந்தியில் நிற்கும். அவள் தம்பிக்கு மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தபோது அஜந்தன் அழைத்தான்.

சுஜிதன் போனை ஸ்பீக்கரில் போட்டு முந்திக்கொண்டான். "அத்தான், அங்க சோறு தருவினமோ, இல்லாட்டி அக்கான்ர மிளகாய்த்தூளை நக்கிக்கொண்டு கிடக்கவேணுமோ? சரியோ."

ஒன்றரைச் செக்கன்.

"எல்லாம் தருவினம். நீ வா. சரியோ."

பகிடிக்குப் பகிடி சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவன். சிவதர்சினி திரும்பினாள். முழங்கை பட்டு, பானை மூடி சீமெந்துத் தரையில் விழுந்து கணகணவென்று சுழன்றது.

"என்னப்பா விழுந்தது?" என்றான் அஜந்தன்.

மூடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள். சத்தம் செய்மதிவரை போய்த் திரும்ப நேரமே இருக்கவில்லை.

"மூடி. சரியோ" என்றாள்.

ஒன்றரைச் செக்கன். "ஓ, மூடியோ."

இப்போது அவன் செக்கனை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. ஆனாலும் நல்ல காரணம் ஒன்று மிச்சம் இருந்தது. தாழப் பறக்கும் புதுச் செய்மதிகளில் குரல் உடனே வரும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"கப்பலில புது அன்டெனா பூட்டினவையோ? சரியோ."

ஒன்றரைச் செக்கன். "இல்லை, பழசுதான். நடுக்கடலில நிக்கிறம். சரியோ."

"தம்பி வராட்டி உங்களுக்கு ஏதும் கரைச்சலோ? சரியோ."

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எந்தச் செய்மதியும் அவ்வளவு நேரம் எடுக்காது. அவனுக்குப் பக்கத்தில் யாரோ செருமினார்கள்.

"அவனை ஏத்திவிடும், தர்சினி. கட்டாயம்." அழைப்பு அறுந்தது. "சரியோ" வரவில்லை.

"அக்கா, புளியங்குளம் பஸ் வரப்போகுது" என்று சுஜிதன் பையைத் தூக்கினான்.

"பாஸ்போட்டைத் தா."

"ஏன்?"

"தாடா!"

அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "அத்தான் கப்பலில இல்லை. எங்கயோ கரையில பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். உன்னையும் கேக்கிறாங்கள்."

போன் மறுபடி அடித்தது. தம்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு எடுத்தாள்.

"வெளிக்கிட்டிட்டானோ?" என்றான் அஜந்தன்.

இம்முறை அவள் எண்ணினாள். ஒன்று. அரை.

"ஓம், போயிட்டான். சரியோ."

சுவரில் மணி இரண்டே கால். தம்பி வரவில்லையென்று நாலு மணிக்கு வான்காரனுக்குத் தெரிந்துவிடும்.