பால் என்ற சொல்

வாக்குக்கு ஈசன் என்று பொருள்பட வாகீசன் எனப் பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கோ நாக்குத் திக்கியது. அதிலும் 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொண்டு திறக்காது. படித்து முடித்து அவன் போய்ச் சேர்ந்த இடம் கால்நடை வைத்திய அலுவலகம். விடிந்தால் பொழுதுபட்டால் பசுவும் பாலும்தான் பேச்சு.

முதல் நாள், பொறுப்பாக இருந்த டொக்டர் நிமலினி பெயரைக் கேட்டார். அவன் 'வா'விலேயே நின்றுவிட்டான். மற்றவர்கள் என்றால் கூரையைப் பார்ப்பார்கள்; அல்லது சொல்லை அவன் வாயிலிருந்து பிடுங்கித் தாங்களே சொல்லி முடிப்பார்கள். நிமலினி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவரைப் போல அவசரமில்லாமல் நின்றார். பெயர் வந்து சேர்ந்ததும், "வடிவான பேர். வாங்கோ, மாடுகளைப் பாப்பம்" என்றார்.

தொலைபேசி என்றால் அவனுக்கு நடுக்கம். நிமலினி இலக்கத்தை அழுத்தி, "எங்கடை வாகீசன் கதைப்பார்" என்று சொல்லி அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். அவன் திக்குவதை அறைக்குள் யாரும் கேட்கவேண்டியதில்லை. கூட்டங்களில் அவன் நடுச்சொல்லில் அகப்பட்டால், தன் தேநீர்ப் பிளாஸ்க்கை எடுத்து மூடியோடு மல்லுக்கட்டத் தொடங்குவார். எல்லோருடைய கண்ணும் பிளாஸ்க்குக்குப் போகும். சொல் வந்ததும் மூடியும் திறந்துவிடும்.

அந்த மூடி அப்படி ஒன்றும் இறுக்கமில்லை என்று கண்டுபிடிக்க அவனுக்குக் கனகாலம் எடுத்தது. அதற்குள் அவன் தனியாகவே மாட்டுப் பட்டிகளுக்குப் போய், சனங்களோடு கதைத்துப் பழகியிருந்தான்.

பிறகு நிமலினி அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேணுக்குப் போனார். கணவர் ஜொனதன் ஏற்கெனவே அங்கேதான். பிரியாவிடையில் ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் நிமலினி அவனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். 'நன்றி' என்ற சொல் அவனுக்கு ஒருநாளும் திக்கியதில்லை. அன்றைக்கு ஏன் எழும்பவில்லை என்று இன்றைக்கும் தன்னையே கேட்டுக்கொள்வான்.

புதிதாக வந்த டொக்டர் லியோன் நல்ல மனிதர். அவசரக்காரர். அவன் 'பா' என்று தொடங்கினால், "பால்தானே? ஓம், ஓம்" என்று இரக்கத்தோடு முடித்துவைப்பார். மெல்ல மெல்ல வாகீசன் கதையைக் குறைத்துக்கொண்டான். வேலை முடிந்து உரும்பிராய்க்குத் திரும்புகிறவன், சில நாட்களில் காரணமில்லாமல் மானிப்பாய் வரைக்கும் மோட்டார் சைக்கிளை விடுவான். நிமலினியின் வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கும். முற்றத்தில் சருகு கூட்டாமல் கிடக்கும். சற்று நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நிமலினி மெல்பேணிலிருந்து தொலைபேசி எடுத்தார். அங்கே மருத்துவராக வேலை செய்யப் பரீட்சை எழுதவேண்டுமாம். அதுவரைக்கும் ஒரு மிருக வைத்தியசாலையில் நாய்க்கூடு கழுவுகிறாராம். "நான் ஒரு வசனம் துவங்கினால் அவையளே முடிச்சுப்போடினம், வாகீசன். என்ரை இங்கிலீசைக் கேக்க அவையளுக்குப் பொறுமை இல்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அவன் வாயைத் திறக்குமுன் அவருடைய பிள்ளைகள் கூப்பிட, அவர் வைத்துவிட்டார்.

அந்த மாரியில் மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் நோய் பரவியது. புத்தூர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம். தடுப்பூசிக்கு ஒருவரும் சம்மதிக்கவில்லை. நாலு கறவை வைத்திருக்கும் பராசக்தி எழும்பிக் கேட்டார்:

"ஊசி போட்டால் பால் வத்திப்போகுமாம். உண்மையோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை அம்மா" என்றார் லியோன். சனம் முணுமுணுத்தது.

வாகீசன் எழும்பினான். ஏன் எழும்பினான் என்று அவனுக்கே தெரியாது.

"பா..."

உதடு ஒட்டிக்கொண்டது. லியோன் வாயைத் திறந்தார். வாகீசன் அவரை நோக்கிக் கையை உயர்த்தினான், பொறுங்கோ என்று. பின் வரிசையில் யாரோ இருமினார்கள். பிளாஸ்க்கோடு மல்லுக்கட்ட அங்கே ஒருவரும் இல்லை. எல்லோருடைய கண்ணும் அவன் வாயில்தான். பார்க்கட்டும் என்று நின்றான்.

"பால் குறையும். நாலைஞ்சு நாளைக்குக் குறையும். எங்கடை அம்மாவின்ரை ப... பசுவுக்கு நான்தான் போட்டனான். குறைஞ்சது. பிறகு வந்திட்டுது. இந்த நோய் வந்தால் பாலும் இல்லை, மாடும் இல்லை."

பராசக்திதான் முதலில் வாய் திறந்தார்.

"குறையும் எண்டு ஒளிக்காமல் சொல்லுறீர், தம்பி. நாளைக்கு விடிய முதலாவதா என்ரை வீட்டை வாரும்."

திரும்பும் வழியில் லியோன், "நான் உம்மடை கதைக்குள்ளை பாயிறனான் என்ன? சொல்லியிருக்கலாமே" என்றார். வாகீசன், "இனிச் சொல்லுறன் டொக்டர்" என்றான்.

சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசத்தைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய ஆள் கடலுக்கு அப்பால். வீட்டுக் கிணற்றடியில் நின்று, நடந்ததெல்லாவற்றையும் குரல் பதிவாகச் சொன்னான். திக்கிய இடங்களை அழிக்கவில்லை. அப்படியே அனுப்பினான்.

காலையில் பராசக்தியின் மாட்டுக்கொட்டிலில் ஊசிமருந்தை ஏற்றிக்கொண்டு நின்றபோது பதில் வந்தது. பின்னால் பஸ் இரையும் சத்தம்.

"வாகீசன், வேலைக்குப் போகேக்கை பஸ்ஸிலை கேட்டனான். முடிய, திரும்பவும் போட்டுக் கேட்டனான். அதுக்குள்ளை இறங்கிற இடம் தாண்டிப் போட்டுது. இப்ப எங்கை வந்து நிக்கிறன் எண்டே தெரியேல்லை." பிறகு, "அந்தக் கூட்டத்திலை நானும் இருந்திருக்கோணும்."

வாகீசன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான்.

"தம்பி, மாடு கயித்தை இழுக்குது" என்று பராசக்தி கூப்பிட்டார்.

"வாறன் அம்மா" என்றான்.