கூரை பாதியில் நின்ற கார்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். ஒரு பக்கம் மரத்துவிட்டது, இன்னொரு பக்கம் பஞ்சு, நடுவில் எச்சில் உறிஞ்சும் குழாய். பதில் பேச முடியாத ஆள் ஒருவன் கிடைத்ததும் டாக்டர் தன் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் பேசியதெல்லாம் "ஆ" மட்டும்தான்.

ஆகவே இதில் பாதி அவர் சொன்னது, மீதி நான் சேர்த்தது. எது எது என்று கேட்காதீர்கள். துளை போடும் மெஷின் ஓடியபோது பல இடங்களில் காது கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்தது. டாக்டரின் கண்களிலும்

(வேண்டாம். அவர் அழுகிற ஆள் இல்லை, கோபப்படுகிற ஆள்.)

இரண்டாவது தொடக்கம்: பழைய சொகுசுக் கார் என்பது யானை மாதிரி, இருந்தாலும்

(ஆயிரம் பொன் என்று நீங்களே முடித்திருப்பீர்கள். விடுங்கள்.)

நேராகவே சொல்கிறேன். டாக்டர் அந்தக் காரைத் தன் மனைவியின் அண்ணனிடமிருந்து வாங்கினார். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். புதிதாக வாங்குவதென்றால் ஏழு ஜென்மம் பல் பிடுங்க வேண்டும். வயதான கார் என்பதாலும் சொந்தம் என்பதாலும் மச்சான் குறைத்தே கொடுத்தார். சாவியை நீட்டும்போது, "கொஞ்சம் இருங்க மாப்பிள்ளை, இதுக்குப் பராமரிப்பு ஜாஸ்தி, என்னென்னன்னு காட்டித் தர்றேன்" என்றார்.

"எனக்கும் கார் தெரியும் மச்சான்" என்று டாக்டர் கிளம்பிவிட்டார்.

வியாதிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜன்னல் கண்ணாடி இறங்கினால் ஏற மறுத்தது. ராத்திரி நிறுத்திவைத்தால் சஸ்பென்ஷனில் காற்று இறங்கி, காலையில் முன்பக்கம் மண்டி போட்டிருந்தது. மெக்கானிக் சொல்லும் தொகைக்கு எத்தனை பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் மனதுக்குள் ரூட் கெனாலாக மாற்றிக்கொள்வார். கண்ணாடி மோட்டார் மூன்று ரூட் கெனால். காற்றுப் பை ஒன்பது.*

"இதுக்கு மேல ஆகாதுல்ல?"

"திறந்து பாத்தாத்தான் சார் தெரியும்."

இதையேதான் டாக்டர் தன்னிடம் வருகிறவர்களிடம் தினமும் சொல்கிறார். அடுத்தவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

*தொகையை எழுதவில்லை. எதை எழுதினாலும் நீங்கள் படிப்பதற்குள் விலை ஏறியிருக்கும்.

3

மச்சானை முதல் வரைவில் ஏமாற்றுக்காரராக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி, மைனர் நடை, வாயில் எந்நேரமும் பல்குச்சி. பல்குச்சியைப் பார்த்ததும் எனக்கே உறைத்தது, டாக்டரின் கோபத்தை நான் அப்படியே வழிமொழிந்துகொண்டிருக்கிறேன் என்று. அடித்துவிட்டேன். டாக்டரின் பேச்சிலிருந்து கோபத்தைக் கழித்தால் மிஞ்சுகிறவர் அச்சகம் நடத்தும் ஒரு சாதாரண மனிதர். வார இறுதியில் தங்கை வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். தங்கை மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைப்பார்.

இப்படி எழுதியதும் கதை எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

4

போன மழைக்காலத்தில் ஒரு சிக்னலில் தூறல் போட்டது. டாக்டர் கூரையை மூடப் பொத்தானை அழுத்தினார். கூரை எழுந்தது, பாதி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. விளக்கு பச்சையானது. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏங்க, குடை வாங்கியிருந்தா மலிவா முடிஞ்சிருக்குமே" என்றார். டாக்டர் சொட்டச் சொட்ட நனைந்தபடியே மச்சானுக்குப் போன் போட்டார்.

"சொந்தத் தங்கச்சி புருஷன்னு கூடப் பாக்காம ஓட்டை வண்டிய என் தலையில கட்டிட்டீங்களே."

"நான் ஓட்டுன வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. டாக்டரின் மனைவி இருதலைக் கொள்ளி எறும்பானார். கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து பணம் வாங்குவதும் சாமான் வாங்குவதும் அவர்தான். நாள் முழுக்கப் புருஷன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். புருஷன் பக்கமே நின்றார். அண்ணன் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கூடத்து நாற்காலியில் துவைத்த துணிகளைக் குவிக்க ஆரம்பித்தார்.

5

கார் ஒரு வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கூரை பாதியில் நிற்கும் காரை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. விற்றுத் தொலைப்பதற்காகவாவது சரி செய்வோம் என்று டாக்டர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினார். கூரையைத் தூக்கும் பம்ப் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் பெட்டி பச்சை பூத்திருந்தது.

"கூரையில விழற தண்ணி வெளிய போறதுக்கு ஓரத்துல நாலு ஓட்டை வச்சிருப்பாங்க சார். நாலையும் யாரோ அடைச்சிருக்காங்க. தண்ணி வேற எங்க போகும்? உள்ள இறங்கிடுச்சு."

ஸ்க்ரூடிரைவரால் ஒன்றை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு பல் அளவுக்கு இருந்தது.

"என்ன சாமான்னே தெரியல. பாலிஷ் வேற போட்டிருக்காங்க."

டாக்டருக்குத் தெரிந்தது. வாங்கிய புதிதில் காரைக் கழுவும்போது அந்த ஓட்டைகளைப் பார்த்தவர் அவர்தான். துரு அரித்துவிட்டது, மழைத்தண்ணீர் இதன் வழியாகத்தான் உள்ளே வரும் என்று நினைத்தார். வாழ்நாளெல்லாம் ஓட்டையைக் கண்டால் அடைத்துப் பழகிய கை அது. கிளினிக்கிலிருந்து பல் அடைக்கும் பசையைக் கொண்டுவந்தார். ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார், காயவைத்தார், பசையை வைத்து நீல விளக்கைக் காட்டி இறுக்கினார், ஓரங்களைத் தேய்த்து மெருகேற்றினார். அவ்வளவு ஆசையாக அவர் எந்த நோயாளிக்கும் அடைத்ததில்லை.

"வித்தவர் பாத்த வேலையா இருக்குமோ சார்?" என்றார் மெக்கானிக்.

டாக்டர், "ம்" என்றார்.

(இந்த "ம்" நான் சேர்த்ததல்ல. இதைச் சொல்லும்போது மெஷின் ஓடவில்லை.)

பம்ப், பெட்டி, ஒயரிங், கூலி எல்லாம் சேர்த்து நாற்பது ரூட் கெனால் என்று வந்தது. அந்தக் கணக்கு அன்றைக்கு அவர் காதில் ஏறவே இல்லை.

6

இதைச் சொல்லி முடித்தபோது டாக்டர் என் பல்லுக்கு நீல விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தார். அதே விளக்கு.

"வீட்ல இன்னும் அவ அண்ணன் மேலதான் தப்புன்னு நம்பிட்டிருக்கா. இப்பப் போய் நான்தான்னு சொன்னா என்னை என்னன்னு நினைப்பா? நீங்க கதை எழுதறவர்தானே, எப்படி முடிப்பீங்க?"

"ஆ" என்றேன்.

படுத்தபடியே யோசித்த முடிவுகள்:

டாக்டர் சொல்லிவிடுகிறார், மனைவி விழுந்து விழுந்து சிரிக்கிறார். (ஒரு வருடம் அண்ணன் போனை எடுக்காமல் இருந்தவர் சிரிக்க மாட்டார்.)

டாக்டர் வாயே திறப்பதில்லை, காரை விற்றுவிடுகிறார், பழி மச்சான் தலையிலேயே கிடக்கிறது. (இதற்குக் கதாசிரியன் எதற்கு? தானாகவே நடந்துவிடும்.)

மனைவிக்கு முன்பே தெரியும். பசை ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று அன்றைக்கே

(அடித்துவிட்டேன். தெரிந்துகொண்டே அண்ணனை ஒதுக்கினார் என்றால் அந்த அம்மாவை என்னால் தாங்க முடியாது.)

7

முன்மேசைக்கு வந்தேன். டாக்டரின் மனைவி ரசீது எழுதிக்கொண்டே கேட்டார்: "உள்ள ரொம்ப நேரமா பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. கார் கதையா?"

தலையாட்டினேன்.

"என்ன கோளாறுன்னு தெரிஞ்சிடுச்சாமா? எங்கிட்ட மூச்சு விட மாட்டேங்கறார்." குரலைத் தாழ்த்தினார். "எங்கண்ணன் ஞாயித்துக்கிழமை மகன்கூட வெளிநாட்டுக்கே போறாங்க சார். இனிமே வருவாங்களோ என்னமோ. அவங்க மேல தப்பில்லைன்னு மட்டும் தெரிஞ்சா, ஓடிப்போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடுவேன்."

உதட்டைத் தொட்டுக் காட்டினேன். மரத்துப்போயிருக்கிறது, பேச வராது. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"அட, அதனால என்ன" என்று அந்த அம்மா ரசீதைப் பின்பக்கம் திருப்பி, பேனாவையும் சேர்த்து என் முன்னால் தள்ளினார். "எழுதிக் காட்டுங்க. நீங்கதான் எழுதறவராச்சே."

பேனாவை எடுத்துவிட்டேன். இத்தனை பக்கம் எழுதியவனுக்கு அந்த ரசீதில் ஒரு எழுத்துகூட ஓடவில்லை. எனக்கு இன்னும் இரண்டு பல் பாக்கி இருக்கிறது, அதே நாற்காலியில், அதே டாக்டரிடம் வாயைத் திறந்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் உதடும் மரத்துப்போகவில்லை. இந்தாருங்கள், பேனாவைப் பிடியுங்கள். அந்த அம்மா காத்துக்கொண்டிருக்கிறார்.