முகம் கொடுக்காத ஓடம்

ஓய்வு பெற்ற விண்வெளி ஓடம் அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் விமான நிலையத்தை விட்டு வெளியேறி, அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் இங்கிள்வுட் நகரின் மான்செஸ்டர் சாலையில் ஏறியபோது ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அதைப் படம் எடுத்தார்கள். நாற்பதாயிரம் படங்களிலும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. நேரில் பார்த்தவர்களுக்கு அது ஒழுங்காகத்தான் வந்தது. கறுப்பு மூக்கு முன்னால், வால் பின்னால், நூற்றுக்கும் மேற்பட்ட சக்கரங்கள் வைத்த வண்டியின் மேல் ஏறி, கோவிலுக்குப் போகும் கிழவரின் நடையில் வந்தது. படத்தில் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நிஜமாகவே அப்படித் திரும்பியிருந்தால் அதன் வால் ஒரு பெட்ரோல் பங்கையும் டோனட் கடையையும் இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். படத்தில் இரண்டும் சேதமில்லாமல் இருந்தன. டோனட் கடையில் வரிசைகூட நின்றது.

வழியில் அடுத்து வரும் க்ரென்ஷா சாலைக்காரர்கள் அதற்கு முன்பே எரிச்சலில்தான் இருந்தார்கள். ஓடத்தின் இறக்கைகளுக்கு இடம் வேண்டும் என்று ஒரு மாதம் முன்னதாகவே ரம்பங்களோடு ஆட்கள் வந்து சாலையோரத்து மரங்களை வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றுக்கு இரண்டாக நட்டுத் தருவோம் என்றார்கள். கொண்டு வந்து நட்டவை பென்சில் உயரம் இருந்தன. போக்குவரத்து விளக்குகளைக் கழற்றிக்கொண்டு போனதில் நாற்சந்திகளில் தினம் சண்டை. வண்டி நிறுத்தக்கூடாது, மொட்டை மாடியில் ஏறக்கூடாது, பட்டம் விடக்கூடாது என்று கதவுக்குக் கதவு காகிதம் ஒட்டினார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, குளித்து, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலிகளோடு வந்து காத்திருந்தவர்களுக்கு அது முகம்கூடக் கொடுக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அதோடு போயிருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் ஊர்வலத்துக்கு அனுமதி கொடுத்த அலுவலகம் ஒரு விதி வைத்திருந்தது. ஒவ்வொரு மைல் முடிவிலும் ஓடத்தின் மூக்கை நேர் எதிரே நின்று படம் எடுத்து, சன்னலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் வெப்பம் தாங்கும் ஓடுகள் பன்னிரண்டும் விரிசலில்லாமல் இருக்கின்றன என்று காட்டினால்தான் அடுத்த மைலுக்குக் கையெழுத்து. ஊர்வலத்துக்குப் பொறுப்பாளரான க்ரேடி ப்ரூயிட் என்ற ஆள், ஆரஞ்சுச் சட்டை போட்ட நல்ல மனிதர், முதல் மூன்று மைல்களைப் படத்தைப் பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லியே ஓட்டிவிட்டார். நான்காவது மைல் முடிவில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. வந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிறதே என்றார். கண்ணைக் கோப்பில் வைக்க முடியாது என்று பதில் வந்தது. இப்படியாக ஓடம் சனிக்கிழமை நண்பகலில் க்ரென்ஷா சாலையில், ஒடீல் பாட்டிஸ்ட் என்பவரின் வீட்டு வாசலுக்கு நேரே நின்றது. ஒன்பது நாள் நின்றது.

அந்த ஒன்பது நாளில் பேருந்துகள் நான்கு தெரு சுற்றிப் போயின. இடது இறக்கை ஆறு வீட்டுக் கூரைகளின் மேல் நிழல் போட்டதில் துணி காயவில்லை. ஒரு கல்யாணக் கூட்டம் குதிகால் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே குனிந்து மறுபக்கம் போயிற்று. முடிதிருத்தும் க்ளியோபஸின் கடைக்கு வியாபாரம் கூடியது. முடி வெட்டிக்கொள்ள இல்லை, கழிப்பறைக்கு. நாலாம் நாளிலிருந்து ஓடத்தை அண்ணாந்து பார்ப்பவர் யாரும் இல்லை. அதன் மேல் உட்கார்ந்த புறாக்களைத்தான் பார்த்தார்கள், அவை எங்கே எச்சமிடும் என்று தெரிந்துகொள்ள. செய்தித்தாள்களின் புகைப்படக்காரர்கள் ஏணி, கிரேன் என்று எல்லாவற்றிலும் ஏறிப் பார்த்தார்கள். கண்ணாடி வைத்து ஏமாற்றிப் பார்த்தார்கள். படத்தில் ஓடம் கிழக்கே பார்த்தது.

ஆறாம் நாள் ப்ரூயிட், அந்த வட்டாரத் தேவாலயத்துப் போதகரின் மனைவி சொல்லி, வெர்லீன் பாட்டிஸ்டைத் தேடிப் போனார். வெர்லீனுக்கு அறுபத்தோரு வயது. நாற்பது வருடமாக அதே சாலையில் பத்துத் தெரு தள்ளி ஸ்டூடியோ வைத்திருந்தார். பள்ளிக்கூடக் குழந்தைகள், தேவாலயப் பாடகர் குழு, இறந்தவர்களின் நினைவுத்தாளுக்கான முகம் என்று அந்த வட்டாரத்தில் அவருடைய விளக்குக்கு முன்னால் உட்காராதவர் இல்லை. கேமராவைப் பார்க்கமாட்டேன் என்று அடம்பிடித்த எவரும் அவரிடம் ஜெயித்ததில்லை. ஆனாலும் ஓடம் நிற்கும் இடத்தைக் கேட்டதும் வரமாட்டேன் என்றார். அது அவருடைய அக்கா வீட்டு வாசல். அந்த வாசலை அவர் மிதித்துப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அவர்களுடைய அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளில் வெர்லீன் குடும்பப் படத்துக்கு ஏற்பாடு செய்தார். அக்கா ஒடீல் பாலைவனத்தில் இருந்த தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கேதான் இந்த ஓடத்துக்கு வெப்பம் தாங்கும் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அது வானத்திலிருந்து திரும்பியதும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உடைந்ததை மாற்றினார்கள். இருபத்திரண்டு வருடம் ஒடீலுக்கு அதன் முகம்தான் வேலை. மூக்கும் சன்னல்களைச் சுற்றிய பகுதியும். பிறந்தநாள் அன்று வேலை முடிந்து நேரே வந்தார். சட்டையில் பசை, விரல்களில் பசை. வெர்லீன் அவரைக் கடைசி வரிசையில் ஆறரை அடி உயரமான ஒரு மாமாவுக்குப் பின்னால் நிறுத்தினார். படத்தில் ஒடீலின் இடது காது மட்டும் விழுந்தது. அந்த மாதமே அம்மா இறந்துபோனார். அது கடைசிப் படமாகி, தேவாலயக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது. ஒடீல் ஞாயிறுதோறும் தன் காதைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பின் வேறு தேவாலயத்துக்கு மாறினார். வெர்லீன் தொலைபேசியில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். வெளிச்சம் சரியில்லை என்றார், இடம் பத்தவில்லை என்றார், மாமா நகர்ந்துவிட்டார் என்றார். மூன்று தடவையும் ஒடீல் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ப்ரூயிட் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூடியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டதால் வெர்லீன் கடைசியில் கிளம்பினார். ஓடத்தின் எதிரே முக்காலியை வைத்து ஏழெட்டுப் படம் எடுத்துப் பார்த்தார். பிறகு கேமராவை மூடிவிட்டு, தெருக்காரர்கள் எடுத்த படங்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு க்ளியோபஸின் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுவதும் பார்த்தார். இது வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை என்பது அவருக்கு இருபதாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. மடியில் உட்காரவைத்த குழந்தை கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தால் அங்கே அதற்குத் தெரிந்த யாரோ நிற்கிறார்கள் என்று அர்த்தம். நகர வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தில் புள்ளி வைத்து, மூக்கு காட்டிய திசையில் கோடு இழுத்தார். விமான நிலைய வாசலில் இழுத்த கோடும், மான்செஸ்டர் சாலையில் இழுத்த கோடும், மற்ற முப்பது கோடுகளும் ஒரே வீட்டு முற்றத்தில் போய்ச் சேர்ந்தன. வெர்லீன் பென்சிலை மேசையில் போட்டுவிட்டு, இந்த உலகத்தில் உனக்கு வேறு எந்த வீடும் கிடைக்கவில்லையா என்று ஓடத்தைக் கேட்டதாக க்ளியோபஸ் சொல்கிறார். சொன்ன வார்த்தைகள் இதைவிடக் கொஞ்சம் மோசம்.

அந்த முற்றத்தில் ஒடீல் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தார். வெட்டப்பட்ட மரங்களில் ஒன்று அவருடைய பைன் மரம். முற்றத்தின் வேலியைத் தாண்டிச் சாலைப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுதான் அது செய்த குற்றம். வெட்டியது போக மிஞ்சிய அடிமரம் நல்ல அகலம். அதன் மேல் நாற்காலியைப் போட்டு, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காப்பி குடித்தார், பீன்ஸ் உரித்தார், செய்தித்தாள் படித்தார். ஓடம் வந்து பின்னால் நின்றபோதும் திரும்பவில்லை. அவருடைய முற்றத்திலிருந்து எடுத்தால் என்ன என்று நினைத்து வேலி தாண்டிய இரண்டு புகைப்படக்காரர்களைத் தோட்டத்துக் குழாயால் நனைத்து அனுப்பினார். அதற்குப் பின் யாரும் அந்த யோசனையைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வெர்லீன் வேலிக் கதவைத் திறந்தார். ஒடீல் குழாயைக் கையில் எடுத்தார், ஆனால் திறக்கவில்லை.

"அது உன்னத்தான் பாக்குது அக்கா. ஏர்போர்ட்லேருந்தே பாத்துக்கிட்டு வருது."

"பாக்கட்டும். எனக்கு இருந்தது ஒரு மரம். அத வெட்டிப் போட்டுட்டு என் மூஞ்சில முழிக்க வருதா?"

"மரத்த வெட்டுனது அது இல்ல."

"எனக்குத் தெரியும் யாரு வெட்டுனாங்கன்னு. நீ எதுக்கு வந்த, அதச் சொல்லு."

வெர்லீன் வந்த காரியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். பேருந்துகள், கையெழுத்து, ப்ரூயிட்டின் ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் வரிசையாகத்தான் மனதில் வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"போதகரோட பொண்டாட்டி அன்னைக்கு வந்திருந்தா. உன் சட்டையப் பாத்து எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் பின்னால நிறுத்துனேன். வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு."

ஒடீல் குழாயைக் கீழே வைத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்குத் தெரியுமான்னுதான் இத்தன வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

இதற்குப் பின் இருவரும் அழுதார்கள் என்று எழுத ஆசைதான்; அழவில்லை. கேமராவைக் கொண்டா என்றார் ஒடீல். வெர்லீன் முக்காலியை அடிமரத்தின் பக்கத்தில் ஊன்றப் போனார். ஒடீல் கேமராவைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ எடுக்க வேணாம். நான் எடுக்கறேன். நீ போய் அங்க நில்லு."

"உனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாதே."

"அதுக்கு ஓடு ஒட்டத் தெரியுமா உனக்கு? போய் நில்லு."

வெர்லீன் மூன்று நாளாகத் தலை வாரியிருக்கவில்லை. தலையில் சமையலறைத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார், கண்களுக்குக் கீழே பை தொங்கியது, நாற்பது வருடமாக அவர் எந்தப் படத்திலும் நின்றதில்லை. கொஞ்சம் ஓரமாக நிற்கிறேன் என்றார். முன்னால் வா என்றார் ஒடீல். இன்னும் முன்னால். நடுவில். சாலையில் காத்திருந்த ப்ரூயிட் வெர்லீனின் முழங்கையைப் பிடித்துக் கெஞ்சி, ஓடத்தின் மூக்குக்குக் கீழே சரியாக நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். ஒடீல் அடிமரத்தின் மேல் ஏறி நின்று, ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சாலையைப் பார்த்தார். ஓடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சன்னலுக்குக் கீழே மூன்றாவது ஓடு தான் ஒட்டியதில்லை, யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள், கோணலாக மாற்றியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அப்புறம் பொத்தானை அழுத்தினார்.

படம் சாய்ந்திருந்தது. வலது மூலையில் ஒடீலின் கட்டைவிரல் மங்கலாகத் தெரிந்தது. ஓடம் நேராகப் பார்த்தது. கறுப்பு மூக்கு, ஆறு முன்சன்னல்கள், பன்னிரண்டு ஓடுகள், அவற்றில் ஒன்று கோணல். நடுவில் வெர்லீன், உலகத்தின் மேலேயே சலித்துப்போன முகத்தோடு. அலுவலகம் பதினைந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டது. மீதி மைல்களுக்கும் அதே படம் போதும் என்றும் சொல்லிவிட்டது. அதை முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன என்று ப்ரூயிட் கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார்கள்.

ஓடம் அன்று மதியமே நகர்ந்தது. அதற்கப்புறம் வழியெல்லாம் எடுத்த படங்களில் அது பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவது தெரிகிறது. ஒடீலின் படம் பதினொரு நாட்டுச் செய்தித்தாள்களில் வந்தது. அருங்காட்சியகம் அதைச் சுவரளவு பெரிதாக்கி நுழைவாயிலில் மாட்டி, கீழே ஒடீல் பாட்டிஸ்ட் எடுத்தது என்று பித்தளைத் தகட்டில் பொறித்தது. வெர்லீனின் பெயர் எங்கும் இல்லை. நாற்பது வருடத்தில் லட்சம் படம் எடுத்த என்னை உலகத்துக்கு இந்தத் துண்டு கட்டிய தலையோடுதான் தெரியுமா என்று அவர் அருங்காட்சியகத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. சகோதரிகள் இப்போது பேசிக்கொள்கிறார்கள். திங்கட்கிழமைகளில் ஒடீல் வீட்டில் சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடுகிறார்கள்; பெரும்பாலும் அந்தப் படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான்.

ஒடீல் வியாழக்கிழமைதோறும் அருங்காட்சியகத்துக்குப் போய், ஓடத்தின் முன்னால் போட்டிருக்கும் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அன்றைக்குப் பெஞ்சின் பக்கமிருந்து யார் படம் எடுத்தாலும் முகம் விழுகிறது. மற்ற நாட்களில் வால், அல்லது பக்கவாடு. நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் இதைப் பலகையில் எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்கள் அதற்குத் தகுந்தாற்போல் பேருந்து பிடிக்கின்றன. மூன்றாவது வருடம் ஒடீலுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஆறு வாரம் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அந்த ஆறு வாரமும் பலகையின் மேல் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருந்தது: ஓடத்தின் முகம் வேண்டுவோர் மருத்துவமனைப் பக்கமாக, தெற்குச் சுவரோரம் நின்று எடுக்கவும். நின்று எடுத்தார்கள். அந்தச் சுவரோரம் வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் படங்கள் நன்றாகவே வந்தன.