அண்ணாந்து குடித்த அபிதகுஜாம்பாள்

பிளஸ்ஸிக்கு வேலை கிடைத்துப் பதினேழு நாள்தான் ஆகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீர் ஒழுங்காகத் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்து எழுதுவது, ராஜகீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரியில் அவள் பொறுப்பு. இறங்கவில்லை என்று எழுதினால் மூக்கு வழியாகக் குழாய்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைப்பானேன்.

அன்று காலை ஆறாம் நம்பர் கட்டிலில் அபிதகுஜாம்பாள். பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். முந்தாநாள் லேசான பக்கவாதம். இடது கை மட்டும் மக்கர் செய்தது.

"நிறுத்தாம குடிங்கம்மா" என்று டம்ளரை நீட்டினாள் பிளஸ்ஸி. பாதியில் புரையேறி, ரவிக்கையெல்லாம் தண்ணீர். அவள் விறுவிறுவென்று இரண்டு வரி எழுதினாள். 'விழுங்குவதில் சிரமம். சொன்னால் புரிந்துகொள்ளும் திறன் குறைவு.' இரண்டாவது வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வயசானவர், நெற்றி நிறைய விபூதி, மேலெல்லாம் ஈரம். அதுவே போதுமென்று தோன்றிவிட்டது.

"காபி எப்போ குடுப்பேள்?"

"பதினோரு மணிக்குக் குழாய் போட்டுடுவோம்மா. இனிமே எல்லாம் அதுலதான்."

"காபியைக் குழாய்லயா?" அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பத்தே முக்காலுக்கு நர்ஸ் ஜெரூஷாவின் பாட்டிலை வாங்கி, வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள் பிளஸ்ஸி. "நம்ம வார்டு சுஜிக்கு நிச்சயமாயிடுச்சுடி, மாப்பிள்ளை இரும்புலியூர்" என்றாள் ஜெரூஷா. அவ்வளவுதான், புரையேறி மூக்கெல்லாம் தண்ணீர். ஜெரூஷா அவள் உச்சந்தலையில் தட்டினாள். "யாரோ உன்னை நினைக்கிறாங்க."

யாரென்று பிளஸ்ஸிக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அந்த அம்மாவும் அண்ணாந்துதானே குடித்தார்! கண்ணெதிரே பார்த்தும், தன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் என்பதால், அது கண்ணிலேயே படவில்லை. லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமை ஏது? வழியில் ஒரு பேப்பர் கப்பை உருவிக்கொண்டு, கிளம்பிவிட்ட ரயிலைப் பிடிக்கிறவள் மாதிரி படியேறி ஓடினாள்.

ஆறாம் நம்பர் கட்டிலருகே இன்னொரு நர்ஸ் குழாயும் கையுமாக நின்றாள்.

"அக்கா, நிறுத்துங்க! அம்மா, வாய் வச்சுக் குடிங்கம்மா!"

"ஆஸ்பத்திரி டம்ளரை எச்சில் பண்றதா? நன்னாயிருக்கு!"

"இது பேப்பர் கப். நீங்க குடிச்சதும் குப்பைக்குப் போயிடும்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

உதடு வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஒரு இருமல் இல்லை. பிளஸ்ஸி குதித்த குதியில் பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார். வாசலில் காத்திருந்த அபிதகுஜாம்பாளின் கணவர், யாரையும் கேட்காமல், காபி வாங்கப் பறந்தார்.

பிளஸ்ஸிக்கு சந்தோஷத்தோடு வெட்கமும் பிடுங்கித் தின்றது. ஃபைலை எடுத்து முதல் வரியோடு அந்த இரண்டாவது வரியையும் அடி அடியென்று அடித்தாள். அபிதகுஜாம்பாள் எட்டிப் பார்த்தார்.

"அப்படிக் கிறுக்கப்படாதும்மா. அடியில என்ன எழுதியிருந்துதுன்னு தெரியணும். ஒத்தைக் கோடு போதும். பக்கத்துல கையெழுத்து, தேதி."

பிளஸ்ஸி சொன்னபடியே கையெழுத்துப் போட்டாள்.