நானூற்றுப் பன்னிரண்டாம் கிருமி

புன்னைக்கொட்டையைக் கிருமிக்கு மருந்து தேடும் ஆய்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் போவதாக இயக்குநர் சொன்னதும் வசிதிக்கு ஒரு கிருமிதான் நினைவுக்கு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. அவள் வேலை செய்யும் சுவா நகர ஆய்வகத்தின் உறைபெட்டியில் அதற்கு எண் மட்டும்தான். கணவன் அபிசாயின் கால் புண்ணிலிருந்து எடுத்தது என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஆறு மருந்து மாற்றினார்கள். ஆறுக்கும் அது அசையவில்லை. அவன் போய் இரண்டு வருஷம். அவனைக் கொன்றதை ஏதாவது ஒன்று தடுத்து நிறுத்துவதை ஒரு முறையாவது கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று தடவை செய்தாயிற்று. கொட்டை வந்த அன்றே உறையவைத்து, அரைத்து, சாறெடுத்து, அந்தக் கிருமியை வளர்க்கும் தட்டில் வைத்தாள். கிருமி சாற்றின் மேலேயே ஏறிப் படர்ந்தது. வெள்ளிக்கிழமைதான் இயக்குநர் தந்த கெடு. புதன்கிழமை உறைபெட்டியைத் திறந்தால் கொட்டை தீர்ந்திருந்தது.

"செகோவே! ரெண்டு கூடை வந்துச்சே, இன்னொண்ணு எங்க?"

கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளன் செகோவே திரும்பவில்லை. "அது போன மாசம் வந்த அன்னிக்கே நான் எடுத்துட்டுப் போயிட்டேன், தௌவு."

இருவர் ஊருக்கும் குலதெய்வம் ஒன்று. அப்படிப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு வீட்டுப் பன்றியைக்கூடக் கேட்காமல் பிடித்துப் போகலாம், கோபித்தவருக்குத்தான் வெட்கக்கேடு. வசிதி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"திருட்டுப் பயலே, ஆராய்ச்சிக் கொட்டை உனக்கு எதுக்குடா?"

"மாமியாருக்கு முட்டிவலி. எண்ணெய் எடுக்கலாம்னு கூரை மேல காயப்போட்டேன், மறந்துட்டேன். உங்க ஊர்ல மீனையே காயப்போட்டுட்டு மறக்குறவங்க, நீ பேசாத."

"போய் எடுத்துட்டு வா. ஓடு!"

மதியம் கொண்டுவந்தான். பருப்பெல்லாம் கருத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது.

"கெட்டுப்போச்சு தௌவு."

"வாய மூடு."

கத்தி பட்டதும் எண்ணெய் விரலில் வழிந்தது. பச்சைக் கொட்டையில் ஒரு சொட்டும் வந்ததில்லை. காயக் காயத்தான் எண்ணெய் ஊறும் என்பது கடலோரத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் ஆய்வகத்தில் எது வந்தாலும் அன்றே உறையவைப்பதுதான் விதி. வெள்ளை அங்கியை மாட்டியதும் அவள் விதியைத்தான் பார்த்தாள், கொட்டையைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே எண்ணெயைக் கரைப்பானில் கலந்து ஒரு கிருமித் தட்டிலும், ஒப்பிட வெறும் கரைப்பானை இன்னொன்றிலும் வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை எண்ணெய்த் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய் வைத்த இடத்தைச் சுற்றி, துடைத்தாற்போல ஒரு வட்டம்.

"செகோவே! இங்க வா! சீக்கிரம்!"

"என்ன, ஓட்டை விழுந்துடுச்சா?"

"கிருமி வளரலடா! பத்தொம்போது மில்லிமீட்டர்!"

"அளவுகோலத் தலைகீழாப் புடிச்சிருப்ப."

மறுபடி அளந்தாள். பத்தொன்பதுதான். வெறும் கரைப்பான் வைத்த தட்டில் கிருமி விளிம்பு வரை மண்டியிருந்தது. ஆக, எண்ணெயின் வேலைதான். அவள் போட்ட கூச்சலில் இயக்குநர் தேநீர்க் கோப்பையோடு ஓடிவந்தார்.

"ஒரு தட்டு போதாது, வசிதி. தட்டு வேற, மனுஷன் உடம்பு வேற."

"தெரியும் டாக்டர். இன்னிக்கே இன்னும் மூணு போடுறேன்."

அவர் தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "போடு. புன்னை பட்டியல்லயே இருக்கட்டும்."

அவர் போன பிறகும் வசிதி தட்டைக் கீழே வைக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு வந்து நின்ற கோட்டின்மேல், கண்ணாடிக்கு வெளியே, விரலை வைத்தாள்.

"இதுக்கு மேல உனக்கு வழி இல்லடா," என்றாள்.

செகோவே பின்வாங்கினான். "நான் என்ன தௌவு பண்ணேன்?"

"உன்ன இல்ல," என்று அவள் சிரித்தாள். கண் நிறைந்துவிட்டது.